துரைசாணி பரண் ஏறும் வீடு

அரிசியைக் களைந்துகொண்டே அமிர்தவல்லி ஒரு கண்ணால் பூனையைப் பார்க்கிறாள். அடுப்படி மூலையில், சாம்பல் சூட்டில் சுருண்டு கிடக்கிற பூனையின் இடது காது மட்டும் தனியாக நிமிர்ந்து தெருப்பக்கம் திரும்புகிறது. அமிர்தவல்லியின் கை அரிசிப் பானைக்குள் போய் இன்னும் ஒரு பிடி அள்ளி வருகிறது. பூனை எழுந்து உரல் மேல் தாவுகிறது; உரலிலிருந்து அடுக்குப்பானையின் தோளில் கால் வைத்துப் பரணில் ஏறி மறைகிறது. இன்னொரு பிடி அரிசி. அதற்குள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம்.

"அண்ணி இருக்காங்களா?"

"வாங்க, வாங்க" என்கிறாள், யார் என்று திரும்பிப் பார்க்காமலே.

வருகிறவர்களுக்கு இது பெரிய அதிசயம். சொல்லாமல் கொள்ளாமல் நாலு பேர் வந்து நின்றாலும் அந்த வீட்டில் சோறு பற்றாமல் போனதில்லை. "அது ராசியான கை. சொல்லி வச்ச மாரி ஒலை கொதிக்குது பாரு" என்று கணவர் ஊரான விக்கிரமங்கலம் முழுக்கப் பேச்சு. அமிர்தவல்லி அதை ஒப்புக்கொள்வதும் இல்லை, மறுப்பதும் இல்லை. எல்லோரும் போன பிறகு பரணைப் பார்த்துச் சொல்வாள்: "சேதி சொன்னது நீ. ராசி என் கைக்காம். எறங்கி வா, போதும்."

அரியலூர் ஆஸ்பத்திரியின் பின்மதிலை ஒட்டிய சந்தில், சுண்ணாம்புக்கல் சல்லி கொட்டிக் கிடக்கும் தரைக்கு நடுவே இருக்கிறது அந்த ஓட்டு வீடு. ஒரு கூடம், ஒரு அடுப்படி, அடுப்படிக்கு மேலே மரப்பரண். வாடகை வீடுதான், ஆனால் விக்கிரமங்கலத்துச் சனத்துக்கு அது சொந்த வீடு மாதிரி. அமிர்தவல்லியின் கணவர் அய்யாக்கண்ணு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்க்கிறார். அவருடைய அப்பா காலத்தில், இதே ஆஸ்பத்திரி வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, யாரைக் கேட்பது, எந்தக் கதவுப் பக்கம் போவது என்று தெரியாமல் வெயிலில் நின்ற சனம் அது. இன்றைக்கு அதே சனம் நேராக உள்ளே போய், "எங்க அய்யாக்கண்ணு எங்க இருக்காரு?" என்று குரலை உயர்த்திக் கேட்கிறது. அந்தக் குரல் உயர்ந்ததில் ஊருக்கே பெருமை. அந்தப் பெருமைக்கு மூன்று வேளையும் சோறாக்கிப் போட்டவள் அமிர்தவல்லி.

காய்ச்சல்காரர்கள் வருவார்கள், பிரசவத்துக்கு வருவார்கள், வண்டிச் சக்கரம் ஏறிய காலோடு வருவார்கள். அவர்களுக்குத் துணைக்கு வருகிறவர்கள் தனி. துணைக்கு வந்தவர்களைப் பார்க்க வருகிறவர்கள் இன்னும் தனி. உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், கோர்ட்டுக்கு வாய்தா என்று வந்தவர்களும், விழுப்புரத்துக்கு ரயிலேற வந்தவர்களும் அதே கூடத்தில்தான் பாயை விரிப்பார்கள். மகள் திருச்சியில் நர்சு படிக்கிறாள். லீவுக்கு வரும்போது சொந்த வீட்டில் தனக்கொரு மூலை கிடைக்குமா என்று கடிதத்திலேயே கேட்டுக்கொண்டுதான் வருகிறாள்.

பூனைக்குத் துரைசாணி என்று பெயர் வைத்தது அமிர்தவல்லிதான். வெள்ளை உடம்பு, முதுகில் மஞ்சள் திட்டு, யாரையும் மதிக்காத நடை. "வேலை கெடையாது, வெட்டி கெடையாது. விருந்தாளி வந்தா மாடிக்குப் போயிருவா. தொரசாணி இல்லாம வேற என்னா?"

துரைசாணி ஆள் பார்த்துத்தான் நடந்துகொள்ளும். துண்டை உதறிப் போட்டு உட்காருகிறவர்களைக் கண்டால் பரணின் கடைசி மூலைக்கு, வெங்காயச் சாக்குக்குப் பின்னால் போய்விடும். பீடிப் புகை மேலே போனால் தும்மும். தலைக்கு மேலே தும்மல் கேட்டு, "மேல யாரு படுத்திருக்கா?" என்று எழுந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. யாராவது கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தால் மட்டும் பரண் விளிம்பில் மோவாய் தெரியும். "பூசு, பூசு" என்று கொஞ்சிக் கூப்பிடுகிறவர்களை அது ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் பூனை என்றாலே உடம்பு கூசுகிற தலையாரி வைத்திலிங்கம் வந்தால் போதும், இறங்கி வந்து அவர் காலடியில் படுத்துக்கொள்ளும். அவர் இரண்டு காலையும் தூக்கி முக்காலியில் வைத்துக்கொள்வார்.

"ஒங்கள அது ஒண்ணும் பண்ணாதுங்க மாமா" என்பாள் அமிர்தவல்லி.

"பண்ணாதுன்னு ஒனக்குத் தெரியுது தாயி. எனக்குத் தெரியலையே!"

காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறவர்களுக்கு வேறு கவலை. போகிற காரியத்துக்குக் குறுக்கே பூனை போய்விடக் கூடாது. "அண்ணி, பூனை எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க, அப்பறம் கெளம்புறோம்" என்று நடைக்கு உள்ளேயே நிற்பார்கள். குடல் இறக்கத்துக்கு ஆபரேசன் என்று வந்த ஒருவர் அவள் வார்த்தையைக்கூட நம்பவில்லை. தானே உரலில் ஏறிப் பரணை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் படி தாண்டினார். "கொடல் எறங்குன ஆளு ஒரல்ல ஏறலாமாய்யா?" என்று அமிர்தவல்லி தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்தக் கூத்தையெல்லாம் சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு வரும், ஆனால் பாதியில் நின்றுவிடும். இடுப்பு அவளை விடுவதில்லை. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா அன்பாகத்தான் சொன்னார்: "பகல்ல செத்த நேரம் மல்லாந்து படும்மா. அதான் மருந்து."

"படுக்கலாம் டாக்டரம்மா. எங்க படுக்குறது, அதச் சொல்லுங்க."

கணவரிடமும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அய்யாக்கண்ணு கெட்டவர் இல்லை. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தண்ணீர் எடுத்துத் தருகிறவர். ஆனாலும், "நம்பி வர்ற சனம் அமுர்தம். மூஞ்சக் காட்டிறாத" என்றார்.

"நான் எங்க மூஞ்சக் காட்டுறேன்? என் மூஞ்சி எந்நேரமும் அடுப்பப் பாத்துல்ல இருக்கு."

போன ஐப்பசி மழையில்தான் அது தொடங்கியது. ஒருநாள் மத்தியானம் துரைசாணியின் காது நிமிர்ந்தது. அமிர்தவல்லியின் கை அரிசிப் பானைக்குப் போகவில்லை. எழுந்து போய் வாசற்கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டாள். போட்ட பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரிந்தது. கதவைத் தட்டினார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தரையில் படுத்துக் கிடந்தாள். பரணில் பூனை, தரையில் அவள். இரண்டு பேரும் அசையவில்லை. வந்தவர்கள் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் காலி மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு, கொல்லைப்பக்கமாக வெளியேறிச் சந்து வழியாகச் சுற்றி வந்து, "இப்பத்தான் எண்ணெய்க்குப் போயிட்டு வரேன். வந்து நேரமாச்சா?" என்று கேட்டுவிட்டு, மறுபடி கொல்லைவழியாக உள்ளே போய் வாசற்கதவைத் திறந்தாள்.

ஆனால் அந்தக் கொஞ்ச நேரப் படுக்கையின் சுகம் இடுப்புக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு வாரத்தில் ஒருநாள், இரண்டு நாள், துரைசாணி பரண் ஏறினால் அமிர்தவல்லி தாழ்ப்பாள் போட்டாள். தட்டிப் பார்ப்பார்கள், ஆஸ்பத்திரிக்கே போய் அய்யாக்கண்ணுவைப் பார்த்துக்கொள்வார்கள். யாருக்கும் ஒன்றும் கெட்டுப் போய்விடவில்லை.

அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருமே கணவர் ஊர்க்காரர்கள். அமிர்தவல்லி பிறந்தது கொள்ளிடக்கரையில், திருமழபாடியில். அங்கிருந்து அவளைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. அப்பா அம்மா போய்விட்டார்கள். இருப்பது ஒரே தம்பி, வைரக்கண்ணு. இடுப்பில் வைத்துத் தூக்கி வளர்த்த தம்பி. அவனும் பேச்சை நிறுத்தி இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது.

காரணமும் இந்த வீடுதான். தம்பி கல்யாணத்துக்கு முந்தின நாள், துணிப்பையோடு வீட்டைப் பூட்டுகிற நேரத்தில், பாம்பு கடித்த விக்கிரமங்கலத்து மாயவனை மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார்கள். கூட வந்த பெண்கள் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அமிர்தவல்லி பையைக் கீழே வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். மாயவன் பிழைத்துக்கொண்டார், இன்றைக்கும் மாதம் ஒருமுறை வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறார். அங்கே மணமேடையில் தம்பி தாலி கட்டும்போது, பின்னால் நின்று விளக்குப் பிடித்து முடிச்சுப் போட வேண்டிய நாத்தனார் இல்லை. ஒன்றுவிட்ட சித்தி மகள் ஒருத்தி வந்து போட்டாள். ஒரு வாரம் கழித்துப் போன அமிர்தவல்லியிடம் வைரக்கண்ணு ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினான்: "ஒனக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றவன்தான் ஒறவு. நான் நல்லாத்தான இருக்கேன், எனக்கு எதுக்கு நீ?"

அவனுக்கு ஆண் குழந்தை பிறந்த சேதி பஸ்ஸில் வந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. குழந்தைக்கு இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டுவது அத்தையின் உரிமை. கூப்பிடுவான், கூப்பிடுவான் என்று இருந்தாள். கூப்பிடவில்லை. ஆனால் வேறு யாரையும் வைத்துக் கட்டவும் இல்லையாம். "புள்ள இடுப்பு வெறும் இடுப்பாக் கெடக்கு. அத்தக்காரி உசுரோட இருக்கையில வேற எவளக் கட்டச் சொல்றதுன்னு கத்துறானாம்" என்று சந்தைக்கு வந்த ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அமிர்தவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. கோபத்தில் சொன்னானா, ஆசையில் சொன்னானா என்று அடுப்பு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

மாசி மாதத்தில் ஒருநாள். பிரசவ வார்டில் கிடந்த ஒரு ஊர்ப்பெண்ணுக்குப் பத்தியச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அப்போதுதான் வெறுந்தரையில் சாய்ந்தாள். துரைசாணியின் காது நிமிர்ந்தது. "ஐயோ, போடி" என்றாள் அமிர்தவல்லி, பூனைதான் ஆட்களை அழைத்து வருகிற மாதிரி. அது உரலில் தாவிப் பரண் ஏறிவிட்டது. அவள் தவழ்ந்தமாதிரி போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து படுத்தாள்.

சல்லிக்கல்லில் காலடிச் சத்தம். கதவை ஒருமுறை, மெதுவாகத் தட்டினார்கள். ஒரு ஆண்பிள்ளையின் கனைப்பு. பிறகு ஒரு கைக்குழந்தை சிணுங்கி, வீறிட்டு அழுதது.

காய்ச்சல் புள்ளை, என்று நினைத்தாள். புள்ளைக்கு மருந்து, தாய்க்குக் கஞ்சி, தகப்பனுக்குச் சோறு. நாலு நாளைக்குக் குறையாது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அழுகை சந்துக்கு அந்தப் பக்கம் தேய்ந்து போகும்வரை மூடிக்கொண்டே இருந்தாள்.

கண் அசந்துவிட்டது. எழுந்து தாழ்ப்பாளைத் தள்ளியபோது, பக்கத்து வீட்டுக் கமலவேணி குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தாள். சந்தில் நடப்பது எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"எழுந்திட்டியாக்கா? ஒனக்கு ஆளு வந்திச்சு."

"எனக்கு ஆளு வராத நாளு எது?"

"இது அந்த ஆளுவ இல்லக்கா. புருசன், பொண்டாட்டி, ஒரு கைப்புள்ள. அந்தத் தம்பிக்கு ஒன் மொகம் அப்படியே உரிச்சு வச்ச மாரி. மழபாடின்னாங்க. உள்ளதான் படுத்திருக்கும், எழுப்பவான்னு கேட்டேன். அந்தத் தம்பிதான், வேணாம், அக்கா தூங்கட்டும், அதுக்கு எங்க தூக்கம்னு சொல்லிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாங்க."

அமிர்தவல்லி கமலவேணியின் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எப்ப?"

"இப்பத்தான். அப்பறம் ரெண்டு கொடம் தண்ணிதான் புடிச்சிருப்பேன். என்னாக்கா, ஏன் ஒரு மாரியா..."

"வூட்டப் பாத்துக்க" என்றாள். அவ்வளவுதான். செருப்புப் போடவில்லை. அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டே, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஓடினாள். அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. நொண்டி நொண்டி விழுந்தடித்துக்கொண்டு போனாள். கடைத்தெருவில் யாரோ, "ஆஸ்பத்திரி அக்கா, என்னா அவசரம்? யாருக்கு என்னா?" என்று கேட்டார்கள். அவள் நிற்கவில்லை.

மழபாடி வண்டி உறுமிக்கொண்டு நின்றது. டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். நடுச்சன்னலில் வைரக்கண்ணு. அக்காவைப் பார்த்ததும் முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டான். அவனை ஒட்டி அவன் மனைவி, மடியில் குழந்தை.

அமிர்தவல்லி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. தூங்கிப் போனேன் என்று சொல்லியிருக்கலாம். அவன்தான் அதையும் அவளுக்காகச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

"தூங்கலடா" என்றாள். "முழிச்சிக்கிட்டுத்தான் கெடந்தேன்."

அவன் திரும்பினான்.

"ஒன் மாமா ஊரு ஆளுவன்னு நெனச்சுட்டேன். புள்ள அழுதத காதால கேட்டேன்டா. கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன். தொரசாணி பரண்ல ஏறினா நான் தாழ்ப்பா போட்டுருவேன்..."

"யாரு தொரசாணி?"

"பூனைடா."

முன்சீட்டுப் பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "பூனை பரண்ல ஏறினா வாசக்கதவ எதுக்கும்மா சாத்தணும்?"

"நீங்க செத்த சும்மா இருங்க பெரியவரே" என்றான் வைரக்கண்ணு. பிறகு அக்காவின் வெறுங்காலைப் பார்த்தான். புழுதி கணுக்கால்வரை ஏறியிருந்தது. "பூனைய என்னா சொல்றது? எங்கள அதுக்குத் தெரியாதுல்ல. ஒரு நாளாவது வந்து போயிருந்தாத்தான தெரியும்" என்றான். யாரைக் குறை சொல்கிறோம் என்று தனக்கே தெரியாத மாதிரி குரல் இறங்கிவிட்டது.

அவன் மனைவி குழந்தையைத் தூக்கிச் சன்னல் வழியே நீட்டினாள். "புடிங்க அண்ணி."

அமிர்தவல்லி வாங்கிக்கொண்டாள். கறுத்த, கனத்த பிள்ளை. இடுப்பு வெறுமையாக இருந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, அழலாமா வேண்டாமா என்று யோசித்தது.

"கயிறு கொண்டாந்தியா?"

"சட்டப் பையில இருக்கு. அதுக்காவ பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டா கட்டுவாங்க? வூட்ல வெளக்கேத்தி வச்சுக் கட்டணும்." கொஞ்சம் நகர்ந்து, "மேல ஏறி வந்து ஒக்காரு. வெயில்ல புள்ளயோட நிக்காத" என்றான்.

ஏறினாள். வண்டி கிளம்புகிற வரைக்கும்தானே என்று ஏறினாள். தம்பிக்கும் அவன் மனைவிக்கும் நடுவே இடம் போதாமல், சீட்டின் ஓரத்தில், கால்களை நடைவழியில் நீட்டியபடி உட்கார்ந்தாள். பிள்ளை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனது.

"வூட்டத் தொறந்து போட்டுட்டு வந்துட்டன்டா. மாமா பொழுதோட வந்துருவாரு. வார்டுல ஒருத்தி இருக்கா, அவளுக்கு ராத்திரிக்குக் கஞ்சி..."

வைரக்கண்ணு இறங்கு என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளும் பார்த்தாள். விக்கிரமங்கலம் வண்டி அப்போதுதான் உள்ளே வந்து நின்றது. அதிலிருந்து இரண்டு பேர் ஒருவரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். மாசி வெயிலில் கம்பளி போர்த்தியிருந்தார். பின்னாலேயே தலையில் மூட்டையோடு ஒரு பெண், அவள் கையில் ஒரு வெண்கலச் செம்பு. எல்லாம் தெரிந்த முகங்கள். அவர்கள் யாரிடமும் வழி கேட்கவில்லை. நேராக ஆஸ்பத்திரிச் சந்துப் பக்கம் திரும்பினார்கள்.

அமிர்தவல்லி பிள்ளையின் தலைக்குப் பின்னால் முகத்தைச் சற்றே தாழ்த்திக்கொண்டாள்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு படியில் நின்று கத்தினார். "வழியனுப்ப வந்தவங்க எறங்கிக்கங்க! வண்டி எடுக்குது, எறங்குறவங்க எறங்குங்க!"

யாரோ ஒருவர் அவசரமாக இறங்க, நடைவழியில் வந்து அவள் காலருகே நின்று, "கொஞ்சம் வழி விடும்மா" என்றார்.

அமிர்தவல்லி இரண்டு காலையும் சீட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.